வெள்ளைக் கொரில்லாவின் தோல் சொல்லும் கதை

மிருகக்காட்சிச்சாலையில் வெள்ளை நிறத்தில் ஒரு விலங்கு இருந்தால் கூட்டம் அங்கேதான் கூடும். அதை அதிசயம் என்கிறோம், அதிர்ஷ்டம் என்கிறோம். அது ஒரு நோயின் அடையாளமாகவும் இருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. இதனை விளக்க பார்சிலோனாவில் வாழ்ந்து மறைந்த 'கொப்பிட்டோ' என்ற கொரில்லாவின் கதையே போதும் என நினைக்கிறேன்.

1966 ஒக்டோபரில், அன்று ஸ்பானியாவின் ஆட்சியில் இருந்த எக்குவடோரியல் கினியில், விவசாயி ஒருவர் ஒரு கொரில்லாவைக் கொன்றார். அதன் உடலைப் பற்றிக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைக் குட்டி. ஆய்வாளர் ஜோர்டி சபாட்டர் பீ அதனை வாங்கி பார்சிலோனாவுக்கு அனுப்பினார். 'சிறு பனித்துகள்' என்று பொருள்படும் 'கொப்பிட்டோ டி நியேவே' என்ற பெயர் உலகெங்கும் பரவியது. அறியப்பட்ட ஒரே அல்பினோ கொரில்லா அதுதான்.

நிறம் குறைவதெல்லாம் ஒரே நோயல்ல. தோல், முடி, கண் ஆகியவற்றுக்கு நிறம் தருவது மெலனின். அதனைப் பிறவியிலேயே போதியளவு உருவாக்க முடியாமை அல்பினிசம். உடல் வெளுத்திருந்தும் கண்கள் கருமையாகவே இருந்தால் பெரும்பாலும் அது லூசிசம். நிறத்தோடு பிறந்து, பின்னர் திட்டுத்திட்டாக நிறம் இழப்பது விட்டிலிகோ என்ற வெண்புள்ளி நோய்.

மெலனின் வெறும் அழகுக்கானதல்ல. அது வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் குடை. அது இல்லாததால் கொப்பிட்டோவின் கண்கள் வெளிச்சத்தில் கூசின, பார்வையும் மங்கலாக இருந்தது. இறுதியில் தோற்புற்றுநோய் வந்தது. குணப்படுத்த முடியாத நிலையில் 2003 நவம்பர் 24 அன்று மருத்துவர்கள் அதனைக் கருணைக்கொலை செய்தனர்.

அதன் மரபணுத்தொகுதியை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2013 இல் காரணத்தை வெளியிட்டனர். எஸ்எல்சி45ஏ2 என்ற மரபணுவின் பழுதடைந்த பிரதி தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்றாக வந்திருந்தது. பெற்றோர் நெருங்கிய இரத்த உறவினர், பெரும்பாலும் சித்தப்பனும் பெறாமகளும் போன்ற உறவு என்பதும் தெரியவந்தது. கொப்பிட்டோவுக்குப் பிறந்த 22 குட்டிகளில் ஒன்றுகூட வெள்ளையில்லை. தாய்மாரிடமிருந்து நல்ல பிரதி கிடைத்ததே காரணம். ஆனாலும் ஒவ்வொரு குட்டியும் பழுதடைந்த பிரதி ஒன்றைச் சுமந்தது.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. இன்னொரு வெள்ளைக் குட்டி வேண்டுமென்று தந்தையை மகளோடு சேர்த்தால், பிறக்கும் குட்டி வெள்ளையாக இருக்க இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு உண்டு. வெள்ளைப் புலிகளை மனிதன் பெருக்கியது இப்படித்தான். 1951 இல் இந்தியாவின் ரேவாவில் பிடிக்கப்பட்ட மோகன் என்ற புலியைத் தன் மகளோடே சேர்த்தார்கள். அவை அல்பினோக்கள் அல்ல என்றாலும், மாறியிருப்பது அதே மரபணுதான். வெள்ளை நிறத்தோடு கண் குறைபாடுகளும் உறவுக்குள் இனப்பெருக்கத்தின் பாதிப்புகளும் அவற்றின் சந்ததியைத் தொடர்கின்றன.

நிறம் குறைந்த குரங்கு கூண்டில் இருந்தால் அதற்கு முதலில் தேவை நிழல். அடுத்து, தோலில் ஆறாத புண் இருக்கிறதா என்ற ஒழுங்கான பரிசோதனை. வெள்ளைக்காகவே இனப்பெருக்கம் செய்யாதிருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். காசு கொடுத்துப் பார்க்கப் போகும் நாமும், 'எவ்வளவு அழகு' என்பதற்கு முன்னர் 'இதற்கு ஒதுங்க நிழல் இருக்கிறதா' என்று கேட்கப் பழக வேண்டும்.