ஒரு லிட்டர் டீசல் எங்கே போகிறது?

திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி பகுதியில் வெட்டப்படும் வாழைத்தார்கள் விடியற்காலையில் திருச்சிக்குப் புறப்படும். கல்லணைச் சாலையில் வந்து, திருவானைக்காவலைக் கடந்து, காவிரிப் பாலம் ஏறி, காந்தி மார்க்கெட்டை அடையும். இவற்றைச் சுமந்து வருபவை பெரும்பாலும் சிறு லோடு வண்டிகள். அவற்றுள் பழைய பிக்கப் வண்டி ஒன்றின் கதையே இக்கட்டுரை.

அந்த வண்டியின் சொந்தக்காரரே அதன் ஓட்டுநர். அவருடைய மகன் என் வகுப்பு மாணவன். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவன் கேட்டான்: "சார், எங்கள் வண்டி முன்பெல்லாம் லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் ஓடியது. இப்போது பதின்மூன்றைத் தாண்டவில்லை. டீசல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று ஒருவர் சொல்கிறார். அப்பா பணம் கொடுக்கப் போகிறார். கொடுக்கலாமா?"

கேள்வி சிறியதுதான். ஆனால் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் அதில் அடங்கியிருந்தது. "இரண்டு நாள் பொறு. முதலில் ஒரு லிட்டர் டீசல் எங்கே போகிறது என்று கணக்குப் பார்ப்போம்" என்றேன். மாணவர்களே, அந்தக் கணக்கை நீங்களும் எங்களுடன் சேர்ந்து செய்து பாருங்கள்.

வரவு

ஒரு லிட்டர் டீசலை எரித்தால் ஏறக்குறைய 3.6 கோடி ஜூல் வெப்பம் வெளிப்படும். இவ்வளவும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுமா? பயன்படாது. வெப்பத்தை முழுவதும் வேலையாக மாற்றும் எந்திரம் இயற்கையில் இருக்க முடியாது என்பதை 1824-இலேயே பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ காட்டிவிட்டார். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் சுமார் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. அக்கால நீராவி எஞ்சின்களோடு ஒப்பிட்டால் அது பெரும் சாதனை. இன்றைய டீசல் எஞ்சின்கள் அதைவிடத் திறன் மிக்கவை. எனினும் நகர நெரிசலில் ஓடும் ஒரு பழைய வண்டியில், கால் பங்கு ஆற்றல் சக்கரத்தை அடைவதாகக் கொள்வது நம் கணக்கிற்குப் போதும். மீதி முக்கால் பங்கும் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடும்.

ஆக, நம் கையிருப்பு லிட்டருக்கு 90 லட்சம் ஜூல்.

செலவு

வண்டியும் வாழைத்தாரும் சேர்ந்து 1,500 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். செலவுகள் முக்கியமாக மூன்று.

முதலாவது, டயரின் உருளும் தடை. தரையைத் தொடும் இடத்தில் டயர் நசுங்குகிறது. தரையை விட்டு எழும்போது பழைய வடிவத்திற்குத் திரும்புகிறது. நசுக்கச் செலவான ஆற்றலை ரப்பர் முழுவதும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக விழுங்கிவிடுகிறது. நெடுந்தூரம் ஓடி வந்த டயரைத் தொட்டால் சுடுவது இதனால்தான். இத்தடை, வண்டியின் எடையில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருக்கும். நம் வண்டிக்குச் சுமார் 180 நியூட்டன். காற்று குறைந்த டயர் அதிகமாக நசுங்கும், தடையும் கூடும்.

இரண்டாவது, காற்றின் தடை. இது வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளரும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இத்தகைய வண்டிக்கு இது சுமார் 100 நியூட்டன். வேகம் இரு மடங்காகி 80 ஆனால், தடை நான்கு மடங்காகி 400 நியூட்டன் ஆகும்.

இவ்விரண்டையும் கூட்டினால், 40 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தத் தடை 280 நியூட்டன். ஒரு கிலோமீட்டர் செல்ல ஆகும் வேலை 280 × 1,000 = 2.8 லட்சம் ஜூல். 80 கிலோமீட்டர் வேகத்தில் இதுவே 5.8 லட்சம் ஜூல், அதாவது இரு மடங்குக்கும் மேல். பெட்ரோலியச் சேமிப்புக்காக 1978-இல் இந்திய அரசு அமைத்த பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்லி வந்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

மூன்றாவது செலவு, பிரேக். 40 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 11.1 மீட்டர் வேகத்தில், ஓடும் நம் வண்டியின் இயக்க ஆற்றல் ½ × 1,500 × (11.1)². இது ஏறக்குறைய 93,000 ஜூல். பிரேக் போட்டு நிறுத்தினால் இவ்வளவும் பிரேக் டிரம்மில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். மீண்டும் வேகமெடுக்க அதே அளவு ஆற்றலை டீசலிலிருந்து எடுக்க வேண்டும். மூன்று முறை நின்று கிளம்பினால், ஒரு கிலோமீட்டர் தூரத்திற்கான ஆற்றல் வீணாகிறது.

நிற்காமல் சீராக ஓடினால் 90 ÷ 2.8, அதாவது லிட்டருக்கு 32 கிலோமீட்டர் கிடைக்க வேண்டும். கிலோமீட்டருக்கு மூன்று முறை நின்று கிளம்பினால் செலவு 5.6 லட்சம் ஜூலாக உயரும். அப்போது கிடைப்பது 16 கிலோமீட்டர். மாணவன் சொன்ன பழைய மைலேஜும் அதுதான். நம் கணக்கு உண்மையை விட்டு அதிகம் விலகவில்லை என்ற நம்பிக்கை பிறந்தது.

உருட்டிப் பார்த்த சோதனை

அப்படியானால் இப்போது 13 ஆகக் குறைந்தது ஏன்? குறை எஞ்சினிலா, சக்கரங்களிலா? இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆளரவமற்ற, நேரான, சமதளச் சாலையில் வண்டியை 40 கிலோமீட்டர் வேகத்திற்குக் கொண்டுவந்து, எஞ்சினை அணைக்காமல் கியரை நியூட்ரலுக்கு மாற்றிவிட வேண்டும். பிரேக் போடாமல் வண்டி எவ்வளவு தூரம் உருண்டு நிற்கிறது என்று அளக்க வேண்டும். காற்றின் போக்கும் சாலையின் சிறு சரிவும் ஈடாகும்படி, எதிர்த் திசையிலும் ஒருமுறை செய்து சராசரி காண வேண்டும்.

வண்டி உருளும்போது வேகம் குறைவதால் காற்றின் தடையும் குறையும். எனவே தடை 280 நியூட்டனில் தொடங்கி 180 நியூட்டனில் முடியும். சராசரியாக 230 என்று கொள்ளலாம். கையில் இருக்கும் இயக்க ஆற்றல் 93,000 ஜூல். 93,000 ÷ 230 = 404. எனவே குறையில்லாத வண்டி ஏறக்குறைய 400 மீட்டர் உருள வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், தார் ஏற்றிய வண்டியை மாணவனின் தந்தையார் ஓட்ட, நாங்கள் அளந்தோம். வண்டி 250 மீட்டரிலேயே நின்றுவிட்டது! 93,000 ÷ 250 = 372. இருக்க வேண்டியதைவிட 140 நியூட்டன் அதிகத் தடை! கிணற்றில் 14 கிலோகிராம் எடையுள்ள குடத்தை ஓயாமல் இறைத்துக்கொண்டே வண்டி ஓடியது எனலாம். இதனால் கிலோமீட்டருக்கு 1.4 லட்சம் ஜூல் கூடுதல் செலவு. 5.6 லட்சம் 7 லட்சமாகிறது. 90 ÷ 7 = 12.9. காணாமற்போன மூன்று கிலோமீட்டர் அகப்பட்டுவிட்டது!

குறை எஞ்சினில் இல்லை என்பது உறுதியானது. சக்கரங்களுக்கு அருகில் கையைக் கொண்டுபோனோம். பின்பக்க இடச் சக்கரத்தில் மட்டும் அனல் வீசியது. பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றியபோது அந்தச் சக்கரம் அரைச் சுற்றுக்கூடச் சுழலவில்லை. பிரேக் ஷூவைப் பின்னுக்கு இழுக்க வேண்டிய ஸ்பிரிங் தளர்ந்து, ஷூ எப்போதும் டிரம்மை உரசிக்கொண்டிருந்தது. நான்கு டயர்களில் மூன்றில் காற்றும் குறைவு. புது ஸ்பிரிங் மாட்டி, டயர்கள் குளிர்ந்திருக்கும்போது வண்டியில் குறித்துள்ள அளவுக்குக் காற்றடித்து, மீண்டும் உருட்டினோம். வண்டி 380 மீட்டர் சென்றது.

காந்தம் என்ன செய்யும்?

காந்தத்திற்கு வருவோம். டீசல் காந்தத்தால் கவரப்படும் பொருள் அன்று. டீசலில் உள்ள ஆற்றல், கார்பன், ஹைட்ரஜன் அணுக்களின் பிணைப்பைச் சார்ந்தது. குழாய்க்கு வெளியே ஒட்டிய காந்தம் அந்தக் கணக்கில் ஒரு ஜூலைக்கூடக் கூட்டாது. 1996-இல் மூலிகையால் தண்ணீரைப் பெட்ரோலாக்குவதாக எழுந்த பேச்சு நம் நாடெங்கும் பரவியது. தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த பொருள்; அடுப்புச் சாம்பலைப் போன்றது. சாம்பலை மீண்டும் விறகாக்க வேண்டுமானால், எரிந்தபோது வெளிவந்த ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்த மூலிகை எரிபொருள் வழக்கில் 2016-இல் சென்னை நீதிமன்றம் தண்டனை விதித்தது. வரவில்லாத இடத்தில் செலவு செய்ய இயற்கை அனுமதிப்பதில்லை. இதுவே ஆற்றல் அழியா விதி.

ஓட்டுநரின் காலும் ஒரு கருவி

பழுது பார்த்தபின் வேறு சில பழக்கங்களையும் மாணவனின் தந்தையார் கைக்கொண்டார். சிவப்பு விளக்கைத் தொலைவிலேயே கண்டதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி தன் இயக்க ஆற்றலிலேயே விளக்கு வரை செல்லும். பிரேக்கில் வீணாவது குறையும். மார்க்கெட் வாசலில் காத்திருக்கும்போது எஞ்சினை அணைத்தார். நின்றபடி எரியும் டீசலுக்கு மைலேஜ் சுழியம் அல்லவா? வண்டியில் பல ஆண்டுகளாகக் கிடந்த 50 கிலோகிராம் இரும்புச் சாமான்களை வீட்டில் இறக்கிவைத்தார். காற்றில் படபடத்த தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். அடைபட்ட காற்று வடிகட்டியை மாற்றியதும் கரும்புகை குறைந்தது. டீசல் முழுமையாக எரியப் போதிய காற்று வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

ஒன்றை மட்டும் செய்யக்கூடாது என்று சொல்லிவைத்தேன். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவது ஆபத்து. பல வண்டிகளில் பிரேக்குக்குத் துணைபுரியும் விசை, எஞ்சின் ஓடினால்தான் கிடைக்கும்.

ஒரு மாதம் கழித்து மாணவன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். டேங்க்கை நிரப்பி ஓட்டி, மீண்டும் நிரப்பும்போது பிடித்த டீசலால் ஓடிய தூரத்தை வகுத்திருந்தான். லிட்டருக்கு 15.5 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இதனால் தினமும் ஒரு லிட்டர் மீதம். மாதம் 25 நாள் ஓடினால் 25 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு காற்றில் சேரும் என்பதால், அதிலும் மாதம் 65 கிலோகிராம் குறைந்தது. காந்தத்திற்கு எடுத்துவைத்த பணம் மகனின் தேர்வுக் கட்டணத்திற்கு ஆயிற்று.

உங்கள் வீட்டில் மிதிவண்டி இருக்கும். அதை இதே முறையில் உருட்டிப் பாருங்கள். குறிப்பிட்ட ஓரிடத்தில் மிதிப்பதை நிறுத்தி, எவ்வளவு தூரம் செல்கிறது என்று அளவுங்கள். பிறகு டயரில் நன்றாகக் காற்றடித்து, அச்சுக்கு எண்ணெய் இட்டு, அதே வேகத்தில் வந்து மீண்டும் அளவுங்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு, இதுவரை உங்கள் கால்கள் வீணாகச் செலவிட்ட உழைப்பைச் சொல்லும்.