இலவசமாகக் கிடைத்த சிப்பாய்

கம்போங் ராஜாவில் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் திடலுக்குப் போக முடியாது. பள்ளி விடுமுறையில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தபோதும் அப்படித்தான் மழை. பதினொரு வயது மருமகன் சதுரங்கப் பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தான்.

"இனிமே விளையாட மாட்டேன், மாமா. போட்டியில எட்டாவது நகர்த்தல்லயே ராஜா மாட்டிக்கிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

அக்காள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "பலகையை எடு. எங்கே விழுந்தேன்னு பார்ப்போம்" என்றேன். அரைமனதோடு அடுக்கினான்.

அவனுக்கு வெள்ளைக் காய்கள். ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை டி4 கட்டத்துக்கு நகர்த்தினான். எதிராளி இ5-இல் ஒரு சிப்பாயை நிறுத்தினான். சும்மா வெட்டிக்கொள் என்று கொடுப்பது போல! இதுதான் 'எங்லுண்ட் கேம்பிட்'. சுவீடனைச் சேர்ந்த பிரிட்ஸ் எங்லுண்ட் பெயரால் வழங்குவது.

கேம்பிட் என்பது இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. காலைத் தட்டி விழச்செய்வது என்று அதற்குப் பொருள். ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபஸ் 1561-இல் எழுதிய நூலில் அதைச் சதுரங்கத்துக்குப் பயன்படுத்தினார். ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வேகத்தையோ எதிராளியின் தவற்றையோ எதிர்பார்ப்பதே இதன் தந்திரம்.

மருமகன் சிப்பாயை வெட்டினான். அது சரிதான். கறுப்புக் குதிரை சி6-க்கு வந்தது. இவன் குதிரையை எஃப்3-இல் வைத்தான். கறுப்பு ராணி இ7-க்கு வந்தது. வெட்டிய சிப்பாயைக் காக்க இவன் மந்திரியை எஃப்4-இல் வைத்தான். ராணி பி4-க்குப் பாய்ந்து 'செக்' சொன்னது. மந்திரி டி2-க்குத் திரும்பி ராஜாவை மறைத்தது. ராணி பி2 சிப்பாயை வெட்டியது.

"இங்கதான் ராணியைப் பிடிச்சிடலாம்னு நெனச்சேன், மாமா."

மந்திரியை சி3-இல் வைத்தான். ராணிக்குக் குறி! ஆனால் கறுப்பு மந்திரி பி4-க்கு வந்து நின்றது. இப்போது இவனுடைய மந்திரி நகர்ந்தால், பின்னால் நிற்கும் ராஜாவுக்குச் செக். ராணி பக்கத்தில் இருந்தும் வெட்ட முடியாது. உதவிக்கு இவன் ராணியை டி2-க்குக் கொண்டுவந்தான். கறுப்பு, மந்திரியால் சி3 மந்திரியை வெட்டியது. இவன் ராணியால் திருப்பி வெட்டினான். கறுப்பு ராணி சி1-இல் இறங்கியது. ஆட்டம் முடிந்தது. ராணிக்குப் பதிலாகக் குதிரையால் வெட்டியிருந்தாலும், ஏ1 யானை செக்கோடு போயிருக்கும்.

"அப்ப என்னதான் செய்றது?"

ஆறாவது நகர்த்தலில் மந்திரியைத் தொடாமல், பி1 குதிரையை சி3-க்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். ஏ1 யானையை இப்போது வெள்ளை ராணியே காக்கிறது. அடுத்து யானை பி1-க்கு வந்து கறுப்பு ராணியைத் துரத்தும். தனியே ஓடித்திரியும் ராணி பின்வாங்கப் பின்வாங்க, நம் காய்கள் ஒவ்வொன்றாகக் களத்துக்கு வந்துவிடும்.

இன்னும் எளிய வழியும் உண்டு. நான்காவது நகர்த்தலிலேயே மந்திரிக்குப் பதிலாக அந்தக் குதிரையை சி3-இல் வைக்கலாம். கறுப்பு தன் சிப்பாயை மீட்டுக்கொள்ளும், கொள்ளட்டும். நமக்கு நட்டமில்லை, காய்கள் நல்ல இடத்தில் இருக்கும். இலவசமாக வந்ததை இறுகப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

புதிதாக ஆடுபவர்கள் எல்லாப் பொறிகளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எதிராளி காயைக் கொடுத்தால் இரண்டு கேள்விகள் போதும். இதை வெட்டினால் அடுத்து எங்கே செக் வரும்? நான் நகர்த்தும் காய் இதுவரை எதைக் காத்துக்கொண்டிருந்தது? ராணியைத் துரத்தும் ஆசை வரும்போது இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆசையை நம்பித்தான் பொறியே வைக்கப்படுகிறது.

தவறு சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தில், 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அந்த ஒரு நகர்த்தலோடு பட்டம் அவர் கையைவிட்டுப் போனது. 18 வயது சென்னைப் பையன் குகேஷ் உலக வெற்றியாளரானார்.

இதைச் சொன்னதும் மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு காய்களை மறுபடி அடுக்கினான்.

"மாமா, நீங்க கறுப்பு எடுங்க. அதே மாதிரி ஆடுங்க."

ஆடினேன். ஆறாவது நகர்த்தலில் அவன் கை மந்திரியின் பக்கம் போனது, நின்றது, குதிரையைத் தூக்கியது. மழை விட்ட பிறகும் அவன் வெளியே போகவில்லை.