அலமாரியாகிவிட்ட அம்மா!

அடுக்களையில் நாள் பூராவும் நின்று அலுத்துப்போன எந்த அம்மாவும் ஒரு தடவையாவது, "இந்த வீட்டில் நானும் ஒரு மேஜை, பெஞ்சு மாதிரிதான்!" என்று முணுமுணுத்திருப்பாள். ஓர் ஆங்கிலப் படத்தில் அது வாஸ்தவமாகவே நடந்துவிடுகிறது. அம்மா அலமாரியாக மாறிப் போகிறாள்!

படத்தின் பெயர் 'தி பெட் ஸிட்டிங் ரூம்'. படுக்க, உட்கார எல்லாவற்றுக்கும் ஒரே அறையாக லண்டனில் வாடகைக்கு விடுவார்களே, அந்த அறைக்குத்தான் இந்தப் பெயர். 1969-ல் ரிச்சர்ட் லெஸ்டர் டைரக்ட் செய்தார்.

மூலம் ஒரு நாடகம். எழுதியவர்கள் ஸ்பைக் மில்லிகனும் ஜான் ஆன்ட்ரோபஸும். மில்லிகன் நமக்கு முற்றிலும் அந்நியரல்ல. 1918-ல் அகமத்நகரில், ராணுவத்தில் வேலை பார்த்தவரின் மகனாகப் பிறந்து, புனா கான்வென்டில் படித்தவர். நாடகம் 1962-ல் கான்டர்பரியில் அரங்கேறியது. 1963 ஜனவரியில் லண்டனுக்கு வந்தது. இடையில், 1962 அக்டோபரில், கியூபா விவகாரத்தால் அணுகுண்டு விழுந்துவிடுமோ என்று உலகமே நடுங்கியது. அணுகுண்டு பயத்தைத்தான் ஆசிரியர்கள் சிரிப்பாக்கினார்கள்.

கதையைக் கேளுங்கள். மூன்றாவது உலக யுத்தம் முடிந்துவிட்டது. மொத்தம் 2 நிமிஷம் 28 விநாடி. சமாதானக் கையெழுத்துப் போட்ட நேரமும் அதில் சேர்த்தி! லண்டனில் மிஞ்சியவர்கள் சுமார் இருபது பேர். அரச பரம்பரையில் எஞ்சியவர் எதெல் ஷ்ரோக் என்ற சாதாரண அம்மாள். தேசிய கீதம் அவர் பெயரில் பாடப்படுகிறது. செய்தி வாசிப்பவர் உடைந்த டெலிவிஷன் பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, வீடு வீடாகச் செய்தி சொல்கிறார். சர் ரால்ப் ரிச்சர்ட்ஸன் நடித்த பிரபுவோ பாடிங்டனில் ஒரு வாடகை அறையாகவே மாறிவிடுகிறார்!

இதற்கிடையே ஒரு குடும்பம். அப்பா, அம்மா, மகள் பெனிலோப் மூவரும் பாதாள ரயிலிலேயே குடியிருக்கிறார்கள். மகள் பதினேழு மாதக் கர்ப்பிணி. ஒரு நாள் அம்மாவின் கையில் ஒரு காகிதத்தைத் திணிக்கிறார்கள். அவளுடைய மரணச் சான்றிதழ்! எதிரே உயிரோடு நிற்கிறாள். ஆனால் காகிதம் சொன்னால் சொன்னதுதான். அப்புறந்தான் அலமாரி. அப்பாவும் தப்பவில்லை, கிளியாகி, பசித்தவர்களின் சாப்பாடாகிவிடுகிறார்.

சிரித்துக்கொண்டே வந்த நமக்கு இந்த இடத்தில் தொண்டையை அடைக்கிறது. ஊரே சாம்பலான பிறகும் சான்றிதழும் சம்பிரதாயமும் மட்டும் சாகவில்லை. மகளின் முதல் குழந்தையும் விகாரமாகப் பிறந்து இறக்கிறது. இரண்டாவது குழந்தை நன்றாகப் பிறக்கிறது என்பதே முடிவில் ஒரே ஆறுதல்.

ஜனங்கள் இதை ரசிக்கவில்லை. பீட்டில்ஸ் கோஷ்டியை வைத்து எடுத்த படங்களால் கொடிகட்டிப் பறந்த லெஸ்டருக்கு, 1973-ல் 'தி த்ரீ மஸ்கட்டியர்ஸ்' வரும்வரை அடுத்த படம் இல்லை. இதுவோ மூலையில் கிடந்தது. 2009-ல் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட் தூசி தட்டி டி.வி.டி.யாகக் கொண்டுவந்த பிறகே புதிய ரசிகர்கள் கிடைத்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. கதை கோவையாக ஓடாது. சில வேடிக்கைகள் பிசுபிசுத்துப் போகின்றன. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படமும் அல்ல. ஆனாலும், கிடைத்தால் ஒரு தடவை பாருங்கள். பார்த்து முடித்ததும் உங்கள் வீட்டு அலமாரியைத் திறக்கச் சற்றே கை தயங்கும். அப்படியே அடுக்களைப் பக்கம் போய், "அம்மா, நீ சாப்பிட்டாயா?" என்று ஒரு வார்த்தை கேட்கவும் தோன்றும்.