ஆளை நிறுத்தும்போது

நம் கடைகளில் ஆள் சேர்ப்பது எளிது. தெரிந்தவர் ஒருவர் அழைத்து வருவார், மறுநாளே வேலை. நிறுத்துவதுதான் நமக்குக் கைவராத காரியம். கையாடல் செய்தவர் என்றால் பேச்சே வேறு. நேர்மையானவர், நேரத்துக்கு வருகிறார், ஆனால் வேலை மட்டும் ஓடவில்லை என்றால் என்ன செய்வது? இதைப் பற்றி நாம் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதே இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் மளிகை மொத்தக் கடையில், சிட்டை பார்த்துச் சரக்கு எடுத்து அனுப்ப ஒருவர் இருந்தார். உளுந்து கேட்ட கடைக்குப் பாசிப்பருப்பு போகும்; எட்டு மூடைக்கு ஏழு போகும். தீபாவளிக்கு முந்தைய வாரம், கல்லாவைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கும்போது இன்னொரு புகார் வந்தது. அத்தனை பேர் முன்னிலையில், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சத்தம் போட்டுவிட்டோம். அவர் பதில் பேசவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அவர் ஊரில் மூன்று சில்லறைக் கடைகள் எங்களிடம் சரக்கு எடுத்து வந்தன. பொங்கலுக்குள் மூன்றும் வேறு இடத்துக்கு மாறிவிட்டன. பாக்கியைச் சுத்தமாகத் தீர்த்துவிட்டே போனார்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த முறை வந்தது ஜி.எஸ்.டி.யால். 2017 ஜூலையில் அது வந்தபோது எங்கள் கணக்குப்பிள்ளை பதினெட்டு வருடம் முடித்திருந்தார். பேரேட்டில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். கம்ப்யூட்டர் மட்டும் வசப்படவில்லை. வாங்கிய கடைக்காரரின் ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் அவருக்கு உள்ளீட்டு வரி வரவில் வராது, சண்டைக்கு வந்துவிடுவார். நாள் தவறினால் தாமதக் கட்டணம் வேறு.

ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பிப் பழகச் செய்தோம். மூன்று மாதம் தவணை வைத்து, மாதக் கடைசியில் அவரோடு உட்கார்ந்து பிழைகளை ஒரு நோட்டில் குறித்து இருவரும் கையெழுத்திட்டோம். மூன்றாம் மாதம் நாங்கள் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

கடை அடைத்த பிறகு தனியாக அழைத்தோம். "வியாபாரம் மந்தம்" என்று சொல்லிவிடலாமா என்ற ஆசை வந்தது. நம்மில் பலர் சொல்வது அதைத்தான். அடுத்த வாரமே அந்த இடத்தில் புது ஆள் உட்கார்ந்திருப்பதை அவர் பார்ப்பார். வேலை போனதைவிட அந்தப் பொய்தான் அதிகம் குத்தும். உள்ளதையே சொன்னோம்: "உங்கள் நேர்மையில் ஒரு குறையும் இல்லை. இந்தக் கணக்கு உங்களுக்குச் சரிப்பட்டு வரவில்லை. அடுத்த மாதத்தோடு நிறுத்திக்கொள்வோம்."

வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தை மாதம் மகளுக்குக் கல்யாணம், முதலாளி. மாப்பிள்ளை வீட்டில் இந்தக் கடைப் பேரைச் சொல்லித்தான் பேசியிருக்கிறேன்" என்றார். தை முடியும் வரை இருக்கச் சொன்னோம். வசூல் பேரேடு மட்டும் அவர் பொறுப்பு. இரண்டு மாதம் இரண்டு சம்பளம் கொடுத்தது நட்டம் என்று வீட்டில் சொன்னார்கள். இருக்கட்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இன்றி நிறுத்தக் கூடாது. ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். மீறினால் அவர் மேல்முறையீட்டுக்குப் போகலாம். அந்த நோட்டு அப்போது நமக்கும் பேசும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் உள்ள கடை என்றால், ஐந்து ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். எங்கள் கடையில் ஏழு பேர்தான். ஆனாலும் அந்தக் கணக்கிலேயே கொடுத்தோம். கடைசி நாள் மாலையே கையில் கொடுத்தோம். "அடுத்த வாரம் வாருங்கள்" என்று அலையவிடவில்லை.

மாசியில் கீழமாசி வீதிக் கடைக்காரர் ஒருவர் போனில், "ஆள் எப்படி அண்ணாச்சி?" என்று விசாரித்தார். "கை சுத்தம். பேரேட்டைக் கொடுங்கள், கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் உட்கார வைக்காதீர்கள்" என்றோம். சேர்த்துக்கொண்டார்.