அதிவேக இல்லப் பிணையம்

அதிவேக இல்லப் பிணையம் என்பது ஒரு வீட்டிலுள்ள கணினியையும் கோப்புகளைச் சேமித்து வைக்கும் வழங்கியையும் நொடிக்கு 1 கிகாபிட்டுக்கு மேற்பட்ட வேகத்தில் இணைக்கும் கணினி வலையமைப்பு ஆகும். பொதுவழக்கில் சர்வர் எனப்படும் வழங்கி, வீட்டில் பெரும்பாலும் பல வட்டுகள் பொருத்தப்பட்ட ஒரு பழைய கணினியாகவே இருக்கும். ஒளிப்படம், நிகழ்படம், ஆய்வுத் தரவு போன்ற பெருங்கோப்புகளைக் கையாள்வோருக்கு இத்தகைய இணைப்பு பயன்படுகிறது. வீடு முழுவதையும் வேகப்படுத்தாமல், வேகம் தேவைப்படும் இரு பொறிகளை மட்டும் நேரடியாக இணைத்தால் செலவு பெரிதும் குறையும். இக்கட்டுரை அம்முறையை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் சூழலையும் கருத்திற்கொண்டு விளக்குகிறது.

இணைய வேகமும் பிணைய வேகமும்

இணைய இணைப்பின் வேகமும் வீட்டினுள் உள்ள பிணையத்தின் வேகமும் வெவ்வேறானவை. அகலப்பட்டை இணைப்பு நொடிக்கு 50 மெகாபிட் வேகமே தந்தாலும், அதே வீட்டிலுள்ள இரு கணினிகள் தமக்குள் நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் தரவைப் பரிமாறிக்கொள்ள முடியும். அத்தரவு இணையத்துக்குச் செல்வதே இல்லை.

பிணைய வேகம் பிட்டுகளிலும் கோப்பின் அளவு பைட்டுகளிலும் குறிக்கப்படுகின்றன. 8 பிட்டுகள் சேர்ந்தது 1 பைட்டு. எனவே நொடிக்கு 1 கிகாபிட் என்பது நொடிக்கு 125 மெகாபைட்டுக்குச் சமம். நெறிமுறைத் தலைப்புகளுக்கான இடம் போக, நடைமுறையில் ஏறத்தாழ 110 மெகாபைட்டு கிடைக்கும். 500 கிகாபைட்டு அளவுள்ள ஒரு தொகுப்பைப் படியெடுக்க ஆகும் நேரம் தோராயமாக:

- 1 கிகாபிட் இணைப்பு: 75 நிமிடங்கள்
- 2.5 கிகாபிட் இணைப்பு: 30 நிமிடங்கள்
- 10 கிகாபிட் இணைப்பு: 8 நிமிடங்கள்

இவ்வேறுபாடு வசதியைப் பற்றியது மட்டுமன்று. படியெடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமானால் அவ்வேலை நாள்தோறும் தள்ளிப்போடப்படும். சில நிமிடங்களில் முடியுமானால் அது வழக்கமாக நடைபெறும். வட்டு பழுதடையும் நாளில் தரவு தப்புவதும் அழிவதும் இதைப் பொறுத்தே அமைகின்றன.

இருமுனை நேரிணைப்பு

பிணைய அமைப்புகளுள் மிக எளியது, இரு பொறிகளை ஒரே வடத்தால் இணைக்கும் இருமுனை இணைப்பாகும். இதற்கு இடையில் சுவிட்ச் தேவையில்லை. 10 கிகாபிட் வேகமுள்ள சுவிட்ச் விலை மிகுந்தது என்பதால், அதைத் தவிர்ப்பதே பெரும் சேமிப்பு ஆகும்.

இதே அமைப்பு மிகப் பெரிய அளவிலும் பயன்படுகிறது. பாரத் சஞ்சார் நிகம் நிறுவனமும் சிறீலங்கா டெலிகொம் நிறுவனமும் சேர்ந்து அமைத்த பாரத லங்கா கடலடிக் கம்பிவடம் 2006 இல் பயன்பாட்டுக்கு வந்தது. முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்ற மன்னார் வளைகுடாவின் வழியே, தூத்துக்குடியையும் கொழும்பை அடுத்த கல்கிசையையும் இணைத்த அவ்வடத்தின் நீளம் ஏறத்தாழ 325 கிலோமீட்டர். வடத்தின் இரு முனைகளிலும் மின்குறிகையை ஒளியாகவும் ஒளியை மின்குறிகையாகவும் மாற்றும் கருவிகள், இடையே முடிபோன்ற கண்ணாடி இழை என்பதே அதன் அடிப்படை. வீட்டில் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையே இழுக்கப்படும் 20 மீட்டர் ஒளியிழையும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது.

நேரிணைப்பு அமைத்தாலும் இரு பொறிகளும் ரவுட்டருடன் கொண்டுள்ள பழைய இணைப்பு அப்படியே இருக்கும். இணையத்துக்கு அதுவும், கோப்புகளுக்குப் புதிய இணைப்பும் பயன்படும்.

இணைப்பு வகைகள்

2.5 கிகாபிட் செப்பு இணைப்பு: இதற்கான ஈதர்நெட் தரம் 2016 இல் வெளியானது. ஏற்கெனவே சுவரில் பதிக்கப்பட்டுள்ள கேட் 5இ வடத்திலேயே 100 மீட்டர் வரை இயங்கும். அண்மைக் காலத் தாய்ப்பலகைகள் பலவற்றில் இவ்வசதி உள்ளமைந்தே வருகிறது. மடிக்கணினிக்கு யுஎஸ்பி வழி இணைப்பிகள் உள்ளன.

10 கிகாபிட் செப்பு இணைப்பு: 2006 இல் தரப்படுத்தப்பட்டது. கேட் 6ஏ வடத்தில் 100 மீட்டர் வரையும், கேட் 6 வடத்தில் சாதகமான சூழலில் 55 மீட்டர் வரையும் இயங்கும். பிற வகைகளைவிட மின்நுகர்வும் வெப்பமும் மிகுதி.

நேரடிச் செப்பு வடம்: எஸ்எஃப்பி பிளஸ் எனப்படும் செருகுவாய் கொண்ட அட்டைகளுக்கானது. இரு முனைகளிலும் செருகிகள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒரே அறையிலுள்ள பொறிகளுக்கு மிகச் சிக்கனமான 10 கிகாபிட் வழி இதுவே.

ஒளியிழை: அதே எஸ்எஃப்பி பிளஸ் செருகுவாயில் ஒளிமாற்றிக் கூறு ஒன்றைச் செருகி இழையை இணைக்கலாம். ஓஎம்3 வகைப் பன்முறை இழையில் 300 மீட்டர் வரையும், ஒருமுறை இழையில் 10 கிலோமீட்டர் வரையும் 10 கிகாபிட் வேகம் கிடைக்கும். ஒளிமாற்றியும் இழையும் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருத்தல் வேண்டும்.

தரவு மையங்கள் 25, 100 கிகாபிட் வேகங்களுக்கு மாறியதால், அவை கழித்த 10 கிகாபிட் அட்டைகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. இன்டெல் எக்ஸ்520, மெலனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 ஆகியவை இவ்வாறு பரவலாகப் புழங்குபவை. லினக்சு கருவகத்தில் இவ்விரண்டுக்கும் இயக்கிகள் உள்ளன. இவை பலத்த காற்றோட்டம் உள்ள வழங்கிப் பெட்டிகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஆகவே சாதாரணக் கணினிப் பெட்டியில் அட்டையின் வெப்பக்கடத்தி மீது சிறு விசிறி ஒன்றைப் பொருத்துவது நல்லது. சில அட்டைகள் தம் நிறுவனம் ஏற்ற ஒளிமாற்றிகளை மட்டுமே ஏற்கும் என்பதால், வாங்குமுன் பொருத்தத்தை உறுதிசெய்ய வேண்டும்.

வேகத்தைக் குறைக்கும் கூறுகள்

ஒரு சங்கிலியின் வேகத்தை அதன் மிக மெதுவான கண்ணியே முடிவு செய்கிறது. வடத்தை மட்டும் மாற்றிவிட்டு முழு வேகத்தை எதிர்பார்ப்பது பரவலான தவறு.

வட்டு: தனி வன்தட்டு ஒன்று தொடர்ச்சியாக எழுதும் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 150 முதல் 250 மெகாபைட்டு வரையே. 200 மெகாபைட்டு எனக் கொண்டால் மேற்கண்ட 500 கிகாபைட்டுக்கு ஏறத்தாழ 42 நிமிடங்கள் ஆகும். இந்நிலையில் 2.5 கிகாபிட் இணைப்பே போதுமானது; 10 கிகாபிட்டுக்குச் செலவிடுவது வீண். சாட்டா வகைத் திண்மநிலை வட்டு ஏறத்தாழ 550 மெகாபைட்டு தரும். என்விஎம்இ வட்டுகளாலேயே 10 கிகாபிட்டை முழுதும் பயன்படுத்த இயலும். வழங்கியின் நினைவகம் தற்காலிகத் தேக்கமாகச் செயல்படுவதால், முதல் சில நொடிகள் வேகம் மிகுந்து பின்னர் குறைவது இயல்பு.

செருகுவாய்: பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 தடம் ஒன்று நொடிக்கு 500 மெகாபைட்டு மட்டுமே கடத்தும். 10 கிகாபிட்டுக்கு 1,250 மெகாபைட்டு தேவை. எனவே இத்தலைமுறை அட்டையை குறைந்தது 4 தடங்கள் உள்ள செருகுவாயில் பொருத்த வேண்டும்.

கோப்பின் அளவு: ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படியெடுக்கையில் ஒவ்வொன்றையும் திறந்து மூடும் வேலையே நேரத்தை எடுத்துக்கொள்ளும். அவற்றை ஒரே காப்பகக் கோப்பாகத் தொகுத்து அனுப்பினால் வேகம் கூடும்.

அமைக்கும் முறை

1. இரு பொறிகளிலும் அட்டையைப் பொருத்தி வடத்தை இணைக்க வேண்டும். தற்கால அட்டைகளுக்குக் குறுக்கு வடம் தேவையில்லை.
2. புதிய இணைப்புக்கு ரவுட்டர் பயன்படுத்தாத முகவரி வரிசையைத் தர வேண்டும். எடுத்துக்காட்டாகக் கணினிக்கு 10.10.10.1, வழங்கிக்கு 10.10.10.2, இரண்டுக்கும் முகமூடி 255.255.255.252.
3. நுழைவாயில் முகவரியை வெற்றிடமாக விட வேண்டும். அதை நிரப்பினால் இணையப் போக்குவரத்து இவ்வழியே திரும்பி, இணையம் துண்டிக்கப்படலாம்.
4. ஐபெர்ஃப்3 மென்பொருளால் வேகத்தை அளக்க வேண்டும். இது வட்டைத் தொடாமல் இணைப்பை மட்டும் அளப்பதால் குறை வடத்திலா வட்டிலா எனத் தெளிவாகும். 10 கிகாபிட் இணைப்பில் ஏறத்தாழ 9.4 கிகாபிட் காட்டினால் இணைப்பு நன்றாக உள்ளது.
5. சம்பா அல்லது என்எஃப்எஸ் வழியாகப் பகிரப்பட்ட கோப்புறையைப் புதிய முகவரியைக் கொண்டே திறக்க வேண்டும். பழைய முகவரியில் திறந்தால் தரவு ரவுட்டர் வழியே மெதுவாகவே செல்லும்.

கடலோர வீடுகளில் கவனிக்க வேண்டியவை

தூத்துக்குடியின் கடற்காற்றில் உப்பும் ஈரப்பதமும் மிகுதி. இவை செருகிகளின் உலோகத் தொடுமுனைகளையும் இரும்புப் பெட்டிகளையும் அரிக்கின்றன. வழங்கியைச் சன்னலோரத்தில் வைக்காமல் உள்ளறையில் வைப்பதும், பயன்படாத செருகுவாய்களை மூடி வைப்பதும் பயன்தரும். அலுமினியத்தின் மீது செப்புப் பூசிய மலிவு வடங்களைத் தவிர்த்து, முழுச் செப்பு வடங்களையே வாங்க வேண்டும்.

மொட்டைமாடி வழியாகவோ இரு கட்டடங்களுக்கு இடையிலோ செல்லும் செப்பு வடம், இடி மின்னலின்போது தூண்டப்படும் மின்னழுத்தத்தை இரு முனைகளிலுள்ள பொறிகளுக்கும் கடத்தக்கூடும். உலோகக் கம்பி கலவாத ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது. எனவே இத்தகைய இடங்களுக்கு அதுவே பாதுகாப்பானது. இழையைக் கூர்மையாக மடிக்கக் கூடாது. அதில் செல்லும் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது என்பதால் இழையின் முனையை உற்றுநோக்கவும் கூடாது.

வெள்ளமும் கருதத்தக்கது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. மாவட்டத்தின் பல பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளங்களில் நீர் புகுந்தது. தரையில் வைக்கப்படும் வழங்கி இத்தகைய நாளில் தப்பாது. ஒளியிழைக்குத் தொலைவு ஒரு தடையன்று என்பதால், கணினி கீழ்த்தளத்தில் இருந்தாலும் வழங்கியை மாடியில் வைக்கலாம்.

வரம்புகள்

வழங்கியில் வட்டுகளை இரட்டித்து வைப்பது வட்டுப் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலான அழிப்பு, நச்சுநிரல், தீ, வெள்ளம் ஆகியவற்றிலிருந்து காக்காது. முதன்மைத் தரவின் ஒரு படியையாவது வேறோர் ஊரிலோ வேறோர் கட்டடத்திலோ வைத்திருத்தல் இன்றியமையாதது. அதிவேக இணைப்பு அப்படியை எடுக்கும் வேலையை எளிதாக்குகிறது. அதற்கு மாற்றாக அமைவதில்லை.