ஐஸ்பெட்டியில் முளைத்த செடி

நான் மிக அன்பாகப் பார்த்துக்கொண்ட செடி, முளைத்த மூன்றே வாரத்தில் செத்துப்போனது. அன்பு குறைந்ததால் அது சாகவில்லை. அதற்கு என்ன தேவை என்று தெரியாமல் காட்டிய அன்பால் செத்தது. தோட்டக்கலையில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு இந்தக் கதை பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அப்போது நான் ஆறாம் படிவ மாணவி. உயிரியல் பாடத்துக்கு ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டியிருந்தது. தோழிகள் பச்சைப்பயறு, தக்காளி என்று எளிதாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கோ யாரும் செய்யாததைச் செய்ய வேண்டும் என்று ஆசை. நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்த படம் மனத்தை விட்டு அகலவில்லை. பனி உருகிய பாறையில் மெத்தைபோல் படர்ந்த ஒரு செடி, அதன்மேல் இலையே தெரியாதபடி ஊதாப் பூக்கள். பெயர் சாக்சிஃப்ரேஜ். லத்தீன் மொழியில் 'கல்லுடைப்பான்' என்று பொருள்.

இணையத்தில் ஒரு பொட்டலம் விதை வாங்கினேன். குளிர்காலத்தைக் கடந்தால்தான் அந்த விதை முளைக்கும் என்று படித்திருந்தேன். எனவே ஈர மணலில் விதையைக் கலந்து, ஒரு டப்பாவில் அடைத்து, ஐஸ்பெட்டியில் அம்மாவின் சம்பாலுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் எட்டு வாரம் வைத்தேன். "ஐஸ்பெட்டியில மண்ணை வைக்கிற பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்" என்று அம்மா தினமும் முணுமுணுத்தார்.

ஒன்பது நாற்றுகள் முளைத்தன. ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பதினோராவது மாடி பால்கனியில், நிழல் பார்த்து வைத்தேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். ஒரு வாரத்தில் முதல் நாற்று வாடியது. தாகம் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவது வாரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

உயிரியல் ஆசிரியையிடம் அழாத குறையாகப் போய் நின்றேன். அவர் முதலில் கேட்டது, விதைக்கு இறக்குமதி அனுமதி வாங்கினாயா என்பது. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நோயும் பூச்சியும் நாட்டுக்குள் வராமல் தடுக்க 1976ஆம் ஆண்டிலேயே மலேசியாவில் தாவரத் தனிமைக் காப்புச் சட்டம் வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து செடியோ விதையோ வரவழைக்குமுன் விவசாயத் துறையிடம் கேட்டறிய வேண்டும். அந்தத் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள்.

அவர் கேட்ட இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. "ராத்திரி மூணு மணிக்கு உன் பால்கனியில எத்தனை டிகிரி?"

பகல் வெயிலைப் பற்றி மட்டுமே நான் யோசித்திருந்தேன்.

இரவில் நடக்கும் செலவு

ஒரு வெப்பமானி வாங்கி, பதினைந்து இரவுகள் கடிகார மணியடித்து எழுந்து பார்த்தேன். பெரும்பாலான இரவுகளில் 25 டிகிரி செல்சியஸ்.

பகலில் செடி ஒளிச்சேர்க்கை மூலம் சர்க்கரையைச் சம்பாதிக்கிறது. இரவு முழுவதும் சுவாசித்து அதைச் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் சுவாச வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மலை உச்சியில் 5 டிகிரி இரவுக்குப் பழகிய செடியை 25 டிகிரியில் வைத்தால், அதன் இரவுச் செலவு நான்கு மடங்கு. வரவு அதேதான். கையிருப்பு கரைந்துவிடும்.

இரண்டாவது எதிரி ஈரம். மலைப்பாறைச் செடியின் கழுத்து, அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடம், எப்போதும் காற்றோட்டமாக இருக்க வேண்டும். நம் ஊரின் புழுக்கமான இரவில் அந்த இடம் ஈரமாகவே இருந்தால் பூஞ்சணம் பிடித்து அழுகும். வேர் அழுகினாலும் இலை வாடும். நான் அதைத் தாகம் என்று படித்துக்கொண்டு இன்னும் தண்ணீர் ஊற்றினேன்.

இந்தச் செடிக் குடும்பம் எங்கே வாழ்கிறது தெரியுமா? சாக்சிஃப்ரேஜில் 400-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நான் படத்தில் பார்த்த ஊதாப் பூ இனமான சாக்சிஃப்ராகா ஆப்போசிட்டிஃபோலியா, கிரீன்லாந்துக்கு வடக்கே உலகின் கடைசி நிலத்துண்டுகளில் ஒன்றான காஃபிக்லுப்பன் தீவில் பூக்கிறது. சுவிட்சர்லாந்தின் டோம் சிகரத்தில் 4,500 மீட்டருக்கும் மேலே வாழ்கிறது. பூக்கும் தாவரம் வாழும் உலகின் மிகக் குளிர்ந்த இடம் அதுதான் என்று ஆய்வாளர் கிறிஸ்டியன் கோர்னர் 2011இல் எழுதினார். அப்படிப்பட்ட செடியைத்தான் நான் ஆயர் ஈத்தாமுக்கு அழைத்து வந்திருந்தேன்.

கொடிமலையில் ஒரு கணக்கு

"அப்படியானால் கொடிமலையில் வளர்க்கலாமே?" என்று கேட்டேன். ஆசிரியை சிரித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை எங்கள் ஐந்து பேரை மலைக்கு அழைத்துப் போனார்.

குளிர்நாட்டுச் செடிகளை இங்கே வளர்க்க ஆசைப்பட்டது நான் மட்டுமல்ல. பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே ஆங்கிலேயர் மலையில் ஸ்ட்ராபெரி நட்டுப் பார்த்தார்கள். ஸ்ட்ராபெரி ஹில் என்ற பெயர் இன்றும் அங்கே இருக்கிறது. 1923இல் மலை ரயிலும் ஓடத் தொடங்கியது.

ரயிலில் ஏறும்போதே ஆசிரியை ஒரு கணக்குக் கொடுத்தார். 100 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.6 டிகிரி வெப்பம் குறையும். கொடிமலையின் உயரம் 833 மீட்டர். அப்படியென்றால் ஜார்ஜ்டவுனைவிட உச்சியில் 5 டிகிரி குறைவு. நம் நகரின் சராசரி 27 டிகிரி. சாக்சிஃப்ரேஜ் நன்றாக வளரும் ஸ்காட்லாந்தின் எடின்பர்க்கில் கோடைச் சராசரி 15 டிகிரி. இந்த 12 டிகிரி வித்தியாசத்துக்கு நாம் 2,000 மீட்டர் ஏற வேண்டும். பினாங்கில் அவ்வளவு உயரம் இல்லை. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் குளிர் கிடைக்கும். ஆனால் பூமத்தியரேகைக்கு அருகில் கோடை, குளிர்காலம் என்று பருவம் மாறுவதில்லை. குளிர்காலத்தில் உறங்கி, பனி உருகும்போது விழித்துப் பூக்கும் செடிக்கு அதுவும் சரிவராது.

மலைப்பாதையில் நடந்தபோது ஒரு கருங்கல் பாறையில் பாசி மெத்தையும் அதில் குட்டிப் பெரணிகளும் கண்ணில் பட்டன. என் கை தானாகப் போய்ப் பாசியின் ஓரத்தை உரிக்கத் தொடங்கியது.

"ஒரு செடியைக் கொன்னது போதாதா?" என்றார் ஆசிரியை, குரலை உயர்த்தாமல்.

கையை எடுத்துக்கொண்டேன். இந்தக் கருங்கல் மலைக்கென்று சொந்தக் குடிகள் உண்டு என்று அவர் விளக்கினார். பாசி படர்ந்த பாறைகளில் வளரும் பாஃபியோபெடிலம் பார்பேட்டம் என்ற செருப்பு ஆர்க்கிட் அவற்றில் ஒன்று. இந்த வகை ஆர்க்கிட்டுகள் அனைத்தும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளன. ஆளுக்கொன்று பிடுங்கிப் பிடுங்கித்தான் அரிதாகிப்போயின. மலையடிவாரத்தில், பழைய கருங்கல் உடைப்பு இடத்தில், சார்ல்ஸ் கர்ட்டிஸ் 1884இல் உருவாக்கிய தாவரப் பூங்காவையும் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம். பினாங்கு மலை 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது.

ஐந்தடியில் கிடைத்த விடை

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவுடன் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். திரும்பும் வழியில் ஒரு பழைய கடைவீட்டின் ஐந்தடியில் நின்றேன். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த சுவர் வெடிப்பில் நீண்ட இலைகளோடு ஒரு பெரணி. அதைத் தாண்டி இன்னொன்று. இத்தனை வருடம் அந்தச் சுவரைக் கடந்து போயிருக்கிறேன், பார்த்ததில்லை.

அதன் பெயர் டெரிஸ் விட்டாட்டா. சுண்ணாம்பை விரும்பும் பெரணி. சாக்சிஃப்ரேஜிலும் சில இனங்கள் சுண்ணாம்புப் பாறையில் வளர்ந்து, இலை ஓரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பைக் கசியவிடும். அந்த வெள்ளைப் பூச்சில் வேட்டரைட் என்ற அரிய கனிமம் இருப்பதை 2018இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் சுவர்ப் பெரணியும் சாதாரணமானதல்ல. மண்ணிலுள்ள ஆர்செனிக் நஞ்சை அது உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் என்பது 2001இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டறியப்பட்டது. அதனால் இதைக் கீரைபோல் சமைத்துவிடாதீர்கள்.

கடைக்கார மாமாவிடம் ஒரு செடி கேட்டேன். "தாராளமா எடுத்துக்கம்மா. வருசத்துக்கு ரெண்டு தடவை சுரண்டுறோம், திரும்ப வந்துடுது. இது பரவாயில்ல. அரசங்கன்னு முளைச்சாத்தான் சுவரையே பொளந்துடும்" என்றார். ஜார்ஜ்டவுனின் உண்மையான கல்லுடைப்பான் யாரென்று அன்று தெரிந்தது.

சாக்சிஃப்ரேஜுக்காகப் படித்ததையெல்லாம் அந்தப் பெரணிக்குச் செய்தேன். மண்சட்டி. பாதி மண், பாதி பொடிக்கல். கொஞ்சம் பழைய சுண்ணாம்புக் காரைத் துண்டு. செடியின் கழுத்தைச் சுற்றிச் சரளைக்கல். காலையில் மட்டும் தண்ணீர். ஒரு மாதத்தில் புது இலை சுருள் விரிந்தது. செயல்திட்ட அறிக்கைக்கு 'ஏன் செத்தது?' என்று தலைப்பிட்டு, இரவு வெப்ப வரைபடத்தோடு ஒப்படைத்தேன்.

பனியில் விட்ட சட்டி

சில ஆண்டுகள் கழித்து மேற்படிப்புக்கு எடின்பர்க் போனேன். அங்கே ஒரு சாக்சிஃப்ரேஜ் சட்டி வாங்கி, அறைக்கு வெளியே சன்னல் விளிம்பில் வைத்தேன். இரண்டு குளிர்காலம். பனி மூடியது, உறைந்தது, நான் தொடவே இல்லை. இரண்டு முறையும் வசந்தத்தில் பூத்தது. பினாங்கில் விழுந்து விழுந்து கவனித்தது செத்தது. அங்கே சும்மா விட்டது பிழைத்தது.

குளிர்நாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் ஒன்று வளர்த்துப் பாருங்கள். செய்ய வேண்டியவை சில:

• சட்டியில் பாதிக்குமேல் பொடிக்கல் இருக்கட்டும். தண்ணீர் தேங்கக் கூடாது.

• கழுத்தைச் சுற்றிச் சரளை பரப்புங்கள். மேலிருந்து ஊற்றாமல், தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். பிறகு மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

• கோடையில் நடுப்பகல் வெயில் படாமல் பாருங்கள். குளிர்காலத்தில் வெளியிலேயே விடுங்கள். சூடேற்றிய அறைக்குள் கொண்டுவந்தால் கெட்டுவிடும்.

• சில இனங்களில் பூத்த இலைக்கொத்து செத்துவிடும். பயப்பட வேண்டாம், பக்கத்துக் குட்டிக் கொத்துகள் தொடரும். அவற்றைப் பிரித்து நட்டால் புதுச் செடி.

நம் ஊரில் இருப்பவர்கள் முதலில் ஒரு வெப்பமானியைப் பால்கனியில் மாட்டுங்கள். இரவு எத்தனை டிகிரி, எந்த மூலையில் காற்று வருகிறது, எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று இரண்டு வாரம் குறித்துவையுங்கள். செடியை அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

என் சுவர்ப் பெரணி இன்னும் அதே பால்கனியில் இருக்கிறது. இப்போது நான்கு சட்டிகளாகப் பெருகிவிட்டது. காலையில் அம்மாதான் தண்ணீர் ஊற்றுகிறார். ஐஸ்பெட்டியில் இடம் கேட்காத செடி என்பதால் அவருக்கு அதன்மேல் தனிப் பிரியம்.