தார்ச்சாலையில் ஒரு தார்

காலை எட்டரை மணிக்குக் காட்டாங்குளத்தூரில் ஜிஎஸ்டி சாலையோரம் நின்றால் நாலைந்து மகிந்திரா தாராவது கடந்து போகும். காடு மேடு ஏறவென்று செய்த வண்டி, இங்கே ஆபீசுக்கும் காலேஜுக்கும் ஓடுகிறது. வாங்கியவரைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "தண்ணி வந்தாலும் போயிடும்." 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதைப் பார்த்தவர்கள் அப்படி நினைப்பது இயல்பு.

ஆனால் தாருக்கு நிறுவனம் சொல்லும் நீரளவு 650 மில்லிமீட்டர். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பஸ் போனால் எழும் அலையே அதைத் தாண்டிவிடும். காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், காற்றை அமுக்குவதுபோல் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. நடுத்தண்ணீரில் நின்றுபோன வண்டியில் சாவியைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். அந்தச் செலவைச் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பொதுவாக ஏற்பதில்லை. 'இன்ஜின் புரொடெக்‌ஷன்' என்ற கூடுதல் காப்பு தனியாக வேண்டும். தண்ணீரில் வண்டி நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், டோயிங் வண்டிக்குக் காத்திருங்கள்.

அடுத்தது, முன்னால் மாட்டும் இரும்பு பம்பர். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். மோதினால் நசுங்கி அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய பாகத்தை அது நசுங்க விடாது. ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் கெடுக்கலாம். சாலையைக் கடக்கும் மாணவர்மேல் வண்டி மோதினால் முதலில் படுவது அந்த இரும்புதான். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை மீறி வண்டியை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கடைக்காரர் "எல்லாரும் போடுறாங்க சார்" என்பார். வழக்கு உங்கள் பேரில்தான் வரும்.

இன்னொன்று, காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் டிரைவ் போடாதீர்கள். வளைவுகளில் கியர் அமைப்பு இறுகித் தேயும்.

இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாட்டிய பொருளுக்கும் சேதத்துக்கும் என்ன தொடர்பு என்றும் கேளுங்கள். கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வராவிட்டால் தேனாம்பேட்டையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும், கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம். வழிகாட்டுதலுக்கு 1915-ஐ அழையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குமுன் பாலிசியை எடுத்து, இன்ஜின் காப்பு என்ற வரி அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.